மச்சானின் மவுத் ஆர்கனும் நான் இழுத்த கோடும்

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அஞ்சாம் வகுப்புப் படிப்போடும் ஒரு தகரப் பெட்டியோடும் அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன் நான். இங்கே நான் செய்ததை எல்லாம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். உடைக்கப் போட்ட ஒரு கப்பலின் ரேடியோ அறையிலிருந்து இரும்பு எடுத்து, அதில் நானே செம்புக்கம்பி சுற்றி, என் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தேன். மர மில்லில் கழித்துப் போட்ட படாக் மரப் பலகையில் ஸ்பீக்கர் பெட்டி அடித்தேன். நாலு பேர் சேர்ந்தால்தான் அது நகரும். ஆனால் இன்றைக்கு வரை ஒரு கரையான் அதைத் தொட்டதில்லை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து திக்லிபூர் வரைக்கும் நான் மைக் செட் கட்டாத கோயில் கிடையாது, மாதா திருவிழா கிடையாது. பஸ்ஸின் மேலே ஸ்பீக்கரை ஏற்றி, மழை வந்தால் இருக்கிற ஒரே தார்ப்பாயை அதற்குப் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டே போயிருக்கிறேன். கட்சால் தீவுக்கு ஒரு திருவிழாவுக்கு செட் கட்டப் போய், திரும்பும் கப்பல் தாமதமானதால் அங்கேயே தங்கி, பெண்ணும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு போர்ட் பிளேரில், சாத்தம் படகுத்துறைக்கு மேலே, சொந்தமாக ஒரு ரெக்கார்டிங் ரூம் கட்டினேன். சுவர் முழுக்கத் தேங்காய் நார் அடைத்தேன். ஒரு மீன் கம்பெனியை மூடும்போது அதன் குளிர்பதன அறைக் கதவை வாங்கி வந்து மாட்டினேன். மெயின்லேண்டிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் உள்ளே நின்று கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யார் டிசைன் இது?" என்று கேட்டார். "இந்த மண்டைதான்" என்று தலையைத் தொட்டுக் காட்டினேன்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு தெரிந்த கைதான் அந்தக் காரியத்தைச் செய்தது. தெரியாதவன் செய்த தப்பு என்று யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம்.

அறுபது தாண்டிய பிறகுதான் நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். சர்வே வேலையாக வந்து எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவர் பென்டிரைவில் ஒரு மியூசிக் சாஃப்ட்வேர் கொடுத்துவிட்டுப் போனார். காசு கிடையாது, கள்ளக் காப்பியும் கிடையாது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே திறந்தும் பாருங்கள் என்று விட்டது. அதைத் திறந்தால் திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டி சத்தத்தைக் கூட்டும், இன்னொன்று எதிரொலி கொடுக்கும், இன்னொன்று கரகரப்பை எடுக்கும். பெட்டிக்குப் பெட்டி வயர் இழுத்து இணைக்க வேண்டியது நம் வேலை. வேண்டிய பெட்டியைச் சேர்க்கலாம், வேண்டாததைக் கழற்றலாம். படித்த பையன்கள் இதைப் பார்த்துத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு சாயங்காலம் போதும். ரேடியோ வயிற்றைக் கிழித்துப் பார்த்தே வளர்ந்தவனுக்கு வயர் புரியாதா? ஆங்கில எழுத்து எனக்கு ஓடாது. நிறத்தை வைத்தே ஞாபகம் வைத்துக்கொண்டேன். பச்சை வால்யூம், ஊதா எதிரொலி.

அதிலே எனக்கு உயிரானது ஆட்டோமேஷன். ஒவ்வொரு நாபுக்கும், அதாவது திருப்புகிற குமிழுக்கும், ஒரு கோடு உண்டு. பாட்டு ஓட ஓட அந்தக் கோட்டின் மேல் ஒரு முள் நகரும். கோடு ஏறினால் நாப் தானாக ஏறும், இறங்கினால் இறங்கும். கோட்டை மவுஸால் வரையலாம். இல்லாவிட்டால் பாட்டைக் கேட்டுக்கொண்டே நாபைத் திருப்பினால் நம் கை போன வழியை அதுவே கோடாக எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை பாட்டைப் போட்டால் கை வைக்காமலே நாப் அப்படியே திரும்பும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, ஓட விட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். நான் டீ குடிக்கும்போது என் கை உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் மிக்சரை விட்டு ஒண்ணுக்குக்கூடப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு அது என்ன சந்தோஷம் என்று சொன்னால் புரியாது.

நான் அதோடு நிற்கவில்லை. ஒரே கோட்டிலிருந்து வயர் பிரித்து நாலு நாபுக்குக் கட்டினேன். கோட்டைக் கீழே இழுத்தால் வால்யூம், எதிரொலி, இரைச்சல் எல்லாம் சேர்ந்து அடங்கும். பாட்டுக்கு நடுவே மூச்சு, இருமல், காக்கா, படகு ஹாரன் என்று எது இருந்தாலும் துடைத்து எடுத்துவிடும். அதற்குத் துடைப்பம் என்று பேர் வைத்தேன். இதே சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்று மெயின்லேண்டில் இருக்கிறது. அதில் துடைப்பத்தைப் பற்றிச் சொன்னதும், "ஐயா, ஒரு சாம்பிள் போடுங்கள்" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நல்ல சாம்பிளாகப் போடுகிறேன், ஊசி விழுந்தால் கேட்கும், பாருங்கள் என்று குரல் செய்தி அனுப்பினேன். அந்த வாக்கைக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மச்சான் மகள் போன் பண்ணினாள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு கட்சாலுக்கு வந்து, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சுனாமியில் அவர் மனைவி போய்விட்டாள். முறைக்கு எனக்குத் தங்கச்சி. வீடு, சாமான், போட்டோ ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டைப்பையில் இருந்த மவுத் ஆர்கன் மட்டும் அவரோடு மேட்டுக்கு ஏறித் தப்பித்தது. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாட்ச்மேனாக இருந்து அவளைப் படிக்கவைத்தார். அவள் இப்போது திக்லிபூரில் டீச்சர்.

"மாமா, அப்பாவோட பல்லை எல்லாம் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒண்ணுகூட மிஞ்சாதாம். அதுக்கப்புறம் அவரால பழைய மாதிரி வாசிக்க முடியாது. அதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க."

"அனுப்பி வை. சினிமாக்காரன் தோத்துப் போற மாதிரி பண்ணித் தர்றேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம் மாமா. அவர் சாயங்காலம் ஒரு மெட்டு வாசிப்பாருல்ல, அம்மா இருக்கும்போது வாசிச்சது, அதை அப்படியே எடுங்க. ஒண்ணும் பண்ணாதீங்க."

அப்படியே எடுங்க, ஒண்ணும் பண்ணாதீங்க. இரண்டு தடவை சொன்னாள். நான் "டீக் ஹை, டீக் ஹை" என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் மச்சான் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டை. ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கதவைத் தட்டினார்.

"என்ன மாப்ள, கொடுவாவையும் சூரையையும் போட்டு வச்ச கதவு மாதிரி இருக்கு? சாத்தினீங்கன்னா நானும் விறைச்சுப் போயிருவேன் போல."

"நீங்க விறைச்சா மெயின்லேண்டுக்கு எக்ஸ்போர்ட் பண்ணிடுவேன் மச்சான்."

"பல்லில்லாத மீனை எவன் வாங்குவான்?" என்று சிரித்தார். அன்றைக்குப் பல் இருந்தது. ஆடிக்கொண்டிருந்தாலும் இருந்தது.

மைக்கை நெருக்கமாக வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரு அடி வாசிப்பார், கொஞ்சம் நிறுத்துவார், அடுத்த அடி. நிறுத்துகிற இடங்களில் உதடு அசைந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. "பஸ், ஹோ கயா, முடிஞ்சுது மச்சான்" என்று கதவைத் திறந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படகேறிப் போனார். அடுத்த வாரமே பல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் மலை மலையாக அவர் வாசிப்பு. மலைக்கும் மலைக்கும் நடுவே தரையாக இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மேடு. துடைப்பத்தை மாட்டினேன். ஒவ்வொரு இடைவெளியிலும் திரையைப் பார்த்தே கோட்டை அடிமட்டம் வரைக்கும் இழுத்தேன். நாற்பத்தொரு இடம். நாற்பத்தொன்றும் சுத்தம். கோடு பார்க்கக் கோயில் கோபுரங்களை வரிசையாக நிறுத்தின மாதிரி இருந்தது. வெட்டின இடம் தெரியாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சட்டென்று இறக்காமல் கொஞ்சம் சரிவாக இறக்கினேன். வேலைக்காரன் என்றால் அப்படித்தான் செய்வான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாட்டாக்கினேன். பிறகு, முதலில் எடுத்த ஒலியை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

ஏன் அழித்தாய் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். கேசட் காலத்தில் இந்தத் தீவில் வெற்று டேப் என்பது கப்பல் கொண்டு வந்தால்தான் உண்டு. கப்பல் வராவிட்டால் எவ்வளவு பெரிய ஆளானாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் ஒரு வேலை முடிந்து மாஸ்டர் காப்பி எடுத்த உடனே முதல் டேப்பைத் துடைத்துவிடுவோம், அடுத்த வேலைக்கு ஆகும். இங்கே டேப் வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான். அதைச் செய்யாதவனை ஊதாரி என்பார்கள். கம்ப்யூட்டரில் இடம் கடல் மாதிரி கிடக்கிறது. இருந்தும் வேலை முடிந்தால் என் விரல் தானாக அழிக்கிற பட்டனுக்குப் போய்விடும். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன், என் மிஷினில் குப்பை கிடையாது என்று.

குழுவுக்கு சாம்பிள் போட்டேன். "ஐயா, மேஜிக்" என்றார்கள். கும்பிடுகிற கை படமாக வந்து விழுந்தது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பல் எல்லாம் எடுத்து, கன்ன வீக்கம் வற்றின பிறகு ஒரு நாள் பகலில் மச்சான் வந்தார். வாயைச் சுற்றித் துண்டு. என் மனைவி அவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, நானே செய்த அந்தப் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன்.

முதல் அடி முடிந்தது. மச்சான் முதுகை நாற்காலியிலிருந்து எடுத்து லேசாக முன்னால் சாய்ந்தார், யாரோ வாசலில் கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி. அடுத்த அடி வந்ததும் பின்னால் சாய்ந்தார். அது முடிந்ததும் மறுபடியும் முன்னால். ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். போகப் போக, முன்னால் வந்தவர் பின்னால் போகவில்லை. முழங்காலில் கையை ஊன்றி அப்படியே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி மச்சான்? ஊசி விழுந்தாக் கேக்கும்ல?"

"ஆமா மாப்ள," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்லாம சுத்தமா இருக்கு."

கஞ்சி ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். படகுக்கு நேரமாகிவிட்டது என்றார். பாம்பூஃப்ளாட் படகு அடிக்கடி உண்டு. இதற்கு முன்னால் அவர் ஒருநாளும் படகுக்கு அவசரப்பட்டதில்லை.

கரண்டியோடு என் மனைவி வந்து நின்றாள்.

"அண்ணன் பேசினது எங்கங்க?"

"என்ன பேசினது?"

"வாசிக்கும்போது நடுவுல பேசுமே, அது எங்க?"

"அவர் எங்க பேசினார்? மூச்சு விட்டார், செருமினார். அதையெல்லாம் எடுத்துட்டேன். ரெக்கார்டிங்னா அப்படித்தான்."

அவள் ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் யாரையும் நான் அதன் மேல் உட்காரவிடுவதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது இது. கட்சாலில் தோட்டத்து வீட்டில், சாயங்காலம் அண்ணன் வாசலில் உட்கார்ந்து அந்த மெட்டை வாசிக்கும். அண்ணி உள்ளே அடுப்படியில் இருப்பாள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே உள்ளேயிருந்து ஏதாவது கேட்பாள். விறகு இருக்கா, பிள்ளை எங்கே, இந்த இடத்தில் ஏன் இழுக்கிறீர்கள் என்று. இவர் பதில் சொல்லிவிட்டு அடுத்த அடி வாசிப்பார். வருஷக்கணக்காக அப்படி. அவள் போன பிறகும் அதே மெட்டை அப்படியே வாசிக்கிறார். அவள் கேட்கிற இடத்தில் நிறுத்துகிறார், பதிலும் சொல்கிறார்.

"அதுக்காகத்தாங்க அண்ணன் மக அப்படியே எடுக்கச் சொன்னது. பாட்டுக்காகவா சொன்னா? அந்தப் பாட்டு எங்களுக்கு எல்லாம் தெரியும்."

"எங்கிட்ட யாரு சொன்னா?"

"நீங்க யாரைச் சொல்ல விட்டீங்க?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோடு அழியவில்லை. சாஃப்ட்வேரில் பெட்டிகளும் வயர்களும் கோடுகளும் நான் விட்ட மாதிரியே இருந்தன. நல்ல வேளை என்று நினைத்தேன். எங்கே எவ்வளவு இறக்கினேன் என்பது கோட்டிலேயே எழுதியிருக்கிறது. அதே கோட்டைத் தலைகீழாகப் போட்டால் இறக்கின அளவுக்கு ஏறிவிடும் இல்லையா? பாதியாகக் குறைத்ததை இரண்டு மடங்காக்கினால் பழையபடி வந்துவிடும். அப்படி ஒரு பெட்டி செய்து, முடித்து வைத்த பாட்டின் மேல் மாட்டினேன். இதை அந்தக் குழுவில் எவனும் செய்திருக்க மாட்டான்.

கொஞ்சம் இறக்கின இடமெல்லாம் ஏறி வந்தது. அடிமட்டத்துக்கு இழுத்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அங்கே இருந்தது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை ஆயிரத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம் என்பது அஞ்சாம் வகுப்புக்குள்ளேயே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு மயிரிழை விட்டு இழுத்திருந்தால்கூடக் கீறலும் இரைச்சலுமாக எதையாவது எடுத்திருப்பேன். நான் முழுசாக இழுத்துவிட்டேன். முழுசாகச் செய்கிறவன் என்றுதானே எனக்குப் பேர்.

சரிவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கோடு இறங்கத் தொடங்குகிற இடத்திலிருந்து அடிமட்டத்தைத் தொடுகிற இடம் வரைக்கும், கண் இமைக்கிற நேரம். அதில் இருந்ததை எல்லாம் ஏற்றினேன். நாற்பத்தொரு இடத்தில் ஆறு இடத்தில் ஏதோ கேட்டது. ஒரு "ம்". ஒரு "சரி"யில் பாதி. "பிள்" என்று ஒன்று. மற்றதெல்லாம் அடுப்பில் ஈர விறகு எரிகிற மாதிரி சீறல்.

அந்த ஆறையும் போனில் ஏற்றிக்கொண்டு பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். மச்சான் புதுப் பல் செட் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, பாருங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இல்ல?" என்று இளித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை அவர் காதில் வைத்தேன்.

கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

"இது என்ன மாப்ள, தேரை கத்துது?"

"நீங்கதான் மச்சான்."

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டார். நான் வரும்போதே யோசித்து வைத்ததைச் சொன்னேன். இன்னொரு தரம் வாங்க, எடுத்துவிடலாம், பல் இல்லாவிட்டால் என்ன, வருகிற மாதிரி வாசியுங்கள், நடுவே பேசுங்கள், ஒரு கோடும் இழுக்க மாட்டேன், எழுதிக்கூடத் தருகிறேன் என்றேன்.

மவுத் ஆர்கனை எடுத்து வாயில் வைத்தார். பல் செட் தகரத்தில் பட்டு டக்கென்றது. காற்று எல்லாப் பக்கமும் போயிற்று. பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். ஒரு அடி வந்தது, அரைகுறையாக. நிறுத்தினார். நான் காத்திருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

"பேசுங்க மச்சான்."

"என்னத்தைப் பேச?"

"அன்னிக்குப் பேசினீங்களே, அதை."

"அது எப்படி மாப்ள முடியும்? அது அன்னிக்கு அவ கேட்டதுக்குப் பதிலு." பல் செட்டைத் துண்டில் துடைத்தார். "நீங்க பக்கத்துல உக்காந்து வாயப் பாத்துக்கிட்டு இருந்தா அவ எப்படிக் கேப்பா? வெக்கப்படுவா."

பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். பல் இல்லாத வாயோடு பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "விடுங்க, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. மூச்சுன்னு நெனச்சுட்டீங்க," என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இத்தனை நாளாக என்னை அரிக்கிறது.

ஏனென்றால் நான் மூச்சு என்று நினைக்கவில்லை. மனைவியிடமும் மச்சான் மகளிடமும் அப்படித்தான் சொன்னேன், மச்சானிடம் தலையாட்டினேன். பொய். மூன்றாவது நாள், பாட்டு முடியப் போகிற இடத்தில், கோட்டை இழுப்பதற்கு முன்னால் அந்த மேடு மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. என்னவென்று ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன். மச்சான் குரல், தணிவாக, பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி: "உப்பு போதும்டி. இந்தா, அடுத்தது கேளு."

தெளிவாகக் கேட்டேன். யாரிடம் பேசுகிறார் என்பதும் அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. அவர் அந்தக் குரலில் பேசுவதற்கு வேறு யார் இருந்தார்கள்? என் கை மவுஸின் மேல் நின்றது. மச்சான் மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதோடு கூடவே குழுவுக்கு நான் அனுப்பின குரல் செய்தியும் ஞாபகம் வந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் என்று சொன்ன சாம்பிளில் ஒரு கிழவன் உப்பைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். கோட்டை இழுத்தேன். இழுத்துவிட்டு, சரிவு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்க்கவும் செய்தேன்.

மற்ற நாற்பதிலும் அவர் என்ன சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஒன்றைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அதை மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், கேட்டுமா அழித்தீர்கள் என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் தலையாட்டினேன். கப்பலிலிருந்து ஸ்பீக்கரை இறக்கும்போது கயிறு அறுந்து விழுந்தபோதுகூட நான் விலகி ஓடினதில்லை, தோளைக் கொடுத்தவன். ஒரு பல்லில்லாத மனுஷனின் கேள்விக்குப் பயந்தேன். என் மனைவியும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இப்போது எழுத வேண்டிய காரணம் வந்துவிட்டது. கட்சாலில் இருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து, சுனாமியில் போனவர்களைப் பற்றி இருக்கிறவர்களிடம் இருக்கிற படம், கடிதம், குரல் எல்லாவற்றையும் திரட்டி வைக்கிறார்கள். மச்சான் மகள் இந்த மவுத் ஆர்கன் ரெக்கார்டிங்கையும் அதற்குக் கொடுக்கிறாள். கூடவே ஒரு காகிதம் எழுதி, சரியாக இருக்கிறதா என்று அத்தைக்கு அனுப்பியிருந்தாள். மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்தவர் என்று அப்பா பேர் இருந்தது. ரெக்கார்ட் பண்ணினவர் பேர் இல்லை. கீழே ஒரு வரி: கம்ப்யூட்டர் கோளாறினால் இடையில் இருந்த பேச்சு அழிந்துவிட்டது.

உடனே போன் பண்ணினேன்.

"கோளாறா? என் ரூம்லயா?"

"மாமா, கோவப்படாதீங்க. உங்க பேரு கெட வேணாம்னுதான் அப்படி எழுதினேன். அப்பாவும் அப்படியே போடச் சொன்னாரு."

"அந்த சாஃப்ட்வேர் ஒரு தப்பும் பண்ணல. நான் என்ன கோடு போட்டேனோ அதைத்தான் செஞ்சுது."

"சரி மாமா. அப்ப என்னதான் எழுதட்டும்?"

போனில் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன், அம்மா, பார்த்து அப்படியே எழுதிக்கொள்.

கோளாறு என்கிற வார்த்தையை அடித்துவிடு. காசு வாங்காமல் அந்த சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்த முகம் தெரியாத மனுஷர்கள் மேல் என் பழியைப் போடாதே. வாசித்தது உன் அப்பா என்று எழுது. பேசினதும் உன் அப்பா, உன் அம்மாவிடம் என்று எழுது. கடைசிக்கு முந்தின இடைவெளியில் அவர் சொன்னது "உப்பு போதும்டி, இந்தா, அடுத்தது கேளு" என்று எழுது. அதைக் கேட்ட சாட்சி இருக்கிறது என்றும் எழுது. ரெக்கார்ட் பண்ணினது நான். நாற்பத்தொரு இடத்தில் கோடு இழுத்தது நான். ஒரு இடத்தில் காது கொடுத்துக் கேட்ட பிறகும் இழுத்தது நான். அந்த அமைதி முழுக்க என் வேலை, வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. உன் அப்பா பேருக்குக் கீழே என் பேரை இனிஷியலோடு முழுசாகப் போடு.